நெம்பெராலாவில் மனை வாங்கலாமா?

கேள்வி இதுதான்: இந்தோனேசியாவின் தென்கோடியில் இருக்கும் ரோத்தே தீவில், நெம்பெராலா கிராமத்துக் கடற்கரையில் ஒரு மனை வாங்கி, நான்கைந்து அறைகள் கட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டு, அங்கேயே வாழ்ந்துவிட முடியுமா? வெளிநாட்டவர் பெயரில் பதிவு செய்ய முடியாது என்பதால் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர் யோசனை சொல்கிறாராம்.

வாழ முடியும். வாங்க முடியாது. தரகர் சொல்லும் வழியில் தயவுசெய்து இறங்காதீர்கள். வேலை நிமித்தம், ரோத்தேயும் அடங்கிய நுசா தெங்காராத் தீவுகளில் பல காலம் அலைந்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சட்டம் பாதிப் பதில்தான். மீதிப் பாதி அந்தக் கடற்கரையை நம்பிப் பிழைப்பவர்களிடம் இருக்கிறது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்தோனேசியாவில் நிலம் தொடர்பான எல்லாவற்றுக்கும் வேர் 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம். முழு உரிமை, அதாவது அங்கே ‘ஹக் மிலிக்’ என்று சொல்லப்படுவது, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. 26ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவரிடம் முழு உரிமையைக் கொண்டுசேர்க்கும் எந்தப் பரிமாற்றமும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. உங்கள் தரகர் சொல்லும் பினாமி ஏற்பாடு இந்தப் பிரிவுக்குள் நேராகப் போய் விழுகிறது. கடன் பத்திரம், அடமானம், அதிகாரப் பத்திரம் என்று எத்தனை காகிதங்களைப் பக்கத்தில் அடுக்கினாலும், சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அவர் இறந்தால் அவருடைய பிள்ளைகள். அவர்களுக்கு உங்களைத் தெரியக்கூட வேண்டியதில்லை.

இது சின்ன மனைகளுக்கு மட்டும் பொருந்தும் விதி அல்ல. 2022இன் இறுதியில் வடக்கு மலுக்குவில் உள்ள விடி தீவுக்கூட்டத்தில் வளர்ச்சி உரிமை பெற்றிருந்த நிறுவனத்தின் பங்குகள் சர்வதேச ஏலத்துக்கு விளம்பரம் செய்யப்பட்டபோது நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. தீவுகளை வெளிநாட்டவருக்கு விற்க முடியாது என்று அரசு வெளிப்படையாக அறிவித்தது. நிலம் விஷயத்தில் அந்த நாட்டு மக்களின் உணர்வு எவ்வளவு ஆழமானது என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின.

சட்டப்படி உங்களுக்கு இருப்பவை மூன்று வழிகள். வசிப்பு அனுமதி பெற்ற வெளிநாட்டவர் பயன்பாட்டு உரிமையில் ஒரு வீடு வைத்துக்கொள்ளலாம். 2021இல் வந்த 18ஆம் எண் அரசு ஒழுங்குமுறைப்படி முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் அது குடியிருக்க மட்டும், வீட்டின் மதிப்புக்கு மாகாணவாரியாகக் கீழ்வரம்பும் உண்டு. இரண்டாவது, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து, அதன் பெயரில் கட்டட உரிமை பெறுவது. இதற்குத் திட்ட முதலீடு, நிலமும் கட்டடமும் சேராமல், 1000 கோடி ரூப்பியாவுக்கு மேல் இருக்க வேண்டும். நம் பணத்தில் ஐந்து கோடி ரூபாயைத் தாண்டும். நான்கைந்து அறைகளுக்கு இது பொருந்தாத கணக்கு. மூன்றாவது, நீண்டகாலக் குத்தகை. பெரும்பாலும் 25 அல்லது 30 ஆண்டுகளுக்கு எழுதுவார்கள். உங்களைப் போன்றவருக்கு நேர்மையான வழி இதுதான்.

விசா பற்றி ஒரு வார்த்தை. வந்திறங்கியதும் கிடைக்கும் 30 நாள் விசாவை ஒரு முறை நீட்டிக்கலாம், ஆனால் அதில் வேலை செய்யக் கூடாது. விருந்தினர்களை வரவேற்பதும் கணக்குப் பார்ப்பதும்கூட வேலைதான். அனுமதியின் நோக்கத்துக்கு மாறாக நடந்தால் குடிவரவுச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் 50 கோடி ரூப்பியா வரை அபராதமும் விதிக்கலாம். கிராமத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இவ்வளவு சிறிய ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள்.

இனி நிலத்துக்கு வருவோம். ரோத்தேயில் கால் வைக்கும் தமிழர் எவரையும் முதலில் திகைக்க வைப்பது பனைமரம். நம் ஊரில் இருக்கும் அதே பனை, அதே இனம். தீவின் பெரும்பகுதி வறண்ட சுண்ணாம்புப் பாறை. மழை டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான், மீதி மாதங்கள் வறட்சிக் காலம். நெல்லும் சோளமும் பொய்த்துப்போன ஆண்டுகளிலெல்லாம் இந்த மக்களைக் காப்பாற்றியது பனைதான். ஆண்கள் காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுகிறார்கள், ஓலையில் முடைந்த தொன்னைகளில் பதநீர் இறக்குகிறார்கள். புதிதாகக் குடித்தது போக மீதியைப் பாகாகக் காய்ச்சிச் சேமித்துவைத்து, சமைக்க ஏதும் இல்லாத நாட்களில் அந்தப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தே பசியாறியிருக்கிறார்கள். கருப்பட்டி வட்டுகளும் உண்டு, புளித்த கள்ளும் உண்டு, அதைக் காய்ச்சி இறக்கும் சாராயமும் உண்டு. மீந்த பதநீர் பன்றிகளுக்கு. பனையோலையை விசிறி போல மடித்து, அதற்கு நடுவே மூங்கில் தண்டில் கம்பிகள் கட்டி மீட்டும் சசாந்தோ என்ற இசைக்கருவி இந்தத் தீவின் அடையாளம். 1992 வரிசையில் வந்த 5000 ரூப்பியா நோட்டில் அதன் படம் இருந்தது.

பனையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தோனேசிய மரபுச் சட்டத்தில் நிலம் வேறு, நிலத்தின் மேல் நிற்பவை வேறு. தேசிய நிலச் சட்டமும் இந்தக் கொள்கையை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நீங்கள் குத்தகைக்கு எடுக்கும் மனையில் நிற்கும் பனைகள் வேறொரு குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். அவர்கள் விடியற்காலையில் வேலியைத் தாண்டி வந்து மரமேறுவது அத்துமீறல் ஆகாது, அது அவர்களுடைய உரிமை. தரகர் காட்டும் வரைபடத்தில் இது இருக்காது. விருந்தினரின் காட்சிக்கு மறைப்பாக இருக்கிறது என்று சொல்லி ஒரு பனையை வெட்டிவிட்டால், ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வருமானத்தை வெட்டியதாகிவிடும். அந்த வழக்கு நீதிமன்றம் வரை போகாது. அதற்கு முன்பே ஊரில் உங்களோடு பேச ஆள் இருக்காது.

எல்லை என்பதும் நாம் நினைப்பது போல் இல்லை. ஆடு, பன்றிகளைத் தடுக்கக் கட்டிய கற்சுவர், ஒரு மரம், ஒரு பாறை, இவைதான் தலைமுறைகளாக எல்லை. எழுதப்பட்ட சான்றிதழ் இல்லாத நிலங்கள் ஏராளமாக இருந்தன. 2017லிருந்து அரசு நாடு தழுவிய பதிவுத் திட்டம் ஒன்றை நடத்தியதால் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. ஆனாலும், ஒரு நிலத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது என்பதால் தகராறு இல்லை என்று பொருள் கிடையாது. பூர்வீக நிலத்தில் அண்ணன் ஒருவர் தன் பெயரில் சான்றிதழ் வாங்கியிருப்பார். மாகாணத் தலைநகரான குபாங்கிலும் நாட்டின் மறுகோடியில் ஜகார்த்தாவிலும் இருக்கும் தம்பி தங்கைகள் தங்களுக்கும் பங்கு உண்டு என்று பிறகு வருவார்கள். பல நேரம் நியாயம் அவர்கள் பக்கமே இருக்கும். ஆகவே கையெழுத்து வாங்குவதென்றால் எல்லா வாரிசுகளிடமும் வாங்குங்கள், பக்கத்து நிலத்துக்காரர்களை எல்லைக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், கிராமத் தலைவரை மட்டும் நம்பிவிடாமல் குலப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். இதற்கு மாதங்கள் ஆகும். அவசரப்படுத்தும் தரகரை விட்டு விலகிவிடுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீங்கள் படங்களில் பார்த்த அந்த வெண்மணல் கரை யாரும் இல்லாத இடம்போலத் தோன்றும். அது ஒரு வேலைக்களம். நெம்பெராலாவின் பவளத்திட்டு அலையைத் தூரத்திலேயே உடைத்துவிடுவதால் உள்ளே ஆழமற்ற, அமைதியான நீர்ப்பரப்பு ஒன்று கிடைக்கிறது. அங்கே கழிகள் நட்டு, கயிறு கட்டி, கயிற்றில் கடற்பாசித் துண்டுகளை முடிந்து வளர்க்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் அறுவடை. நீர் வடியும் நேரத்தில் குடும்பம் முழுவதும் இறங்கி வேலை செய்யும். அறுத்த பாசியை மணலிலும் பரண்களிலும் பரப்பிக் காயவைத்து, வியாபாரியிடம் எடைபோட்டுக் கொடுப்பார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்குச் சேர்க்கும் காராஜீனன் என்ற பொருள் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பிள்ளைகளைக் குபாங்குக்கு அனுப்பிப் படிக்கவைத்தது, ஓலைக்கூரையைத் தகரமாகவும் மண் சுவரைக் கல் சுவராகவும் மாற்றியது எல்லாம் இந்தப் பாசிப் பணம்.

அந்தப் பணம் ஒரே அடியில் போனதும் நடந்திருக்கிறது. 2009 ஆகஸ்ட் 21 அன்று, ஆஸ்திரேலியக் கடல் எல்லைக்குள் இருந்த மொந்தாரா எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசியத் தொடங்கியது. பத்து வாரங்களுக்கு மேல் கசிவு நிற்கவில்லை. ரோத்தேயிலும் குபாங் கரையோரங்களிலும் பாசி வெளுத்து, அழுகி, கயிற்றிலிருந்து உதிர்ந்தது. அடுத்த பருவங்களிலும் வளரவில்லை. எண்ணெய் இந்தோனேசியக் கரை வரை வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று கிணற்றை நடத்திய நிறுவனம் மறுத்தது. ரோத்தேயின் விவசாயி ஒருவரை முன்னிறுத்தி 15,000க்கும் மேற்பட்ட பாசி விவசாயிகள் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றத்தில் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2021 மார்ச்சில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. 2022 நவம்பரில் 19 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. விபத்து நடந்து 13 ஆண்டுகள். அந்தத் தீர்ப்பு வந்த சில வாரங்களிலேயே, 2021 ஏப்ரல் தொடக்கத்தில், செரோஜா புயல் இதே கரையை அடித்துப் போட்டது. இத்தனைக்கும் பிறகு மறுபடியும் கழி நட்டு, கயிறு கட்டித் தொடங்கியவர்களின் ஊருக்குத்தான் நீங்கள் போக நினைக்கிறீர்கள். இந்த மக்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சுற்றுலா இங்கே வந்தது அலைச்சறுக்கு வழியாக. கரைக்கு எதிரே பவளத்திட்டில் உடையும் இடதுபக்க அலையை உலகெங்கும் சறுக்குவோர் அறிவார்கள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை பருவம். முதலில் வந்த வெளிநாட்டவர்கள் கடலோர நிலங்களை மலிவாகவே பெற்றார்கள். அதற்கு ஒரு காரணம், கரையோர நிலத்தை ஊரார் விளைநிலமாகக் கருதியதில்லை. உப்புக் காற்று, தென்னை, மணல், அவ்வளவுதான். தீவின் உட்பகுதிக் கொல்லைகளே அவர்களுக்கு மதிப்புள்ள நிலம். விலை ஏறிய பிறகுதான் விற்றது என்ன என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரிந்தது. பாசி காயவைக்கும் இடம் வேலிக்குள் போனது. கடலுக்கு இறங்கும் பாதை இரண்டு சுவர்களுக்கு இடையே ஒரு சந்தாகக் குறுகியது. அண்டை ஊரான போஆவிலும் கரைக்குப் போகும் வழி பற்றிய மனக்கசப்பு இருக்கிறது.

அதே மாகாணத்துத் தீவான சும்பாவில் நடந்ததையும் மறக்கக் கூடாது. அங்கே மேற்குப் பகுதியில் ஓர் ஒதுக்கமான விடுதி உலகப் புகழ் பெற்றது, பயணப் பத்திரிகை வாசகர்கள் 2016இலும் 2017இலும் அதை உலகின் முதல் விடுதியாகத் தேர்ந்தார்கள். அந்தப் புகழோடு கரையோர நிலத்துக்கான போட்டியும் சூடேறியது. அதே மேற்குச் சும்பாவின் மரோசி கடற்கரையில், 2018 ஏப்ரலில் ஒரு நிறுவனத்துக்காக நிலம் அளக்க வந்தபோது எதிர்த்து நின்ற கிராமத்தார் மீது துப்பாக்கிச்சூடு நடந்து, ஒரு விவசாயி உயிரிழந்தார். கடற்கரை மனை என்ற பேச்சை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

சட்டமும் இதில் கிராமத்தாருக்குத் துணையாக ஒன்று வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 51ஆம் எண் அதிபர் ஒழுங்குமுறைப்படி, உயர்ந்த ஓதமட்டத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் வரை கடற்கரைப் பாதுகாப்புப் பட்டை. துல்லியமான கோட்டை உள்ளாட்சி நிர்ணயிக்கிறது. நடைமுறையில் இதை மீறிய கட்டடங்கள் பல தீவுகளில் நிற்கின்றன. அவர்கள் கட்டியிருக்கிறார்களே என்று பார்த்து நீங்களும் கட்டாதீர்கள். நாளை யாரேனும் புகார் கொடுத்தால் முதலில் இடிபடுவது வெளிநாட்டவரின் சுவர்தான். பட்டைக்கு வெளியே, சாலையின் உட்புறத்தில் மனை எடுங்கள். வாடகை குறைவு, கிணற்று நீரில் உப்பு குறைய வாய்ப்பு, புயலிலும் பயம் குறைவு. கடலைப் பார்க்க விரும்பும் விருந்தினர் ஐந்து நிமிடம் நடந்து போகட்டும்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலியிலிருந்தோ ஜகார்த்தாவிலிருந்தோ குபாங்குக்கு விமானம். அங்கிருந்து சிறிய விமானமோ, சுமார் இரண்டு மணி நேர விரைவுப் படகோ ரோத்தேயின் தலைநகரான பாஆவுக்கு. பிறகு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சாலை. இடையில் இருக்கும் புக்குவாஃபு நீரிணை கொந்தளிப்புக்குப் பேர் போனது. மழைக்காலத்தில் வானிலை எச்சரிக்கை வந்தால் படகுகள் நாட்கணக்கில் நிற்கும். அந்த நாட்களில் காய்கறியும் எரிபொருளும் குறையும், நோயாளியும் கடக்க முடியாது. பாஆவில் அரசு மருத்துவமனை உண்டு, ஊர்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. பெரிய சிக்கல் எதுவானாலும் குபாங்தான். இதய நோய் உள்ள பெற்றோரை அழைத்துப்போய்த் தங்கவைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். மலேரியா இந்த மாகாணத்தில் இன்னும் இருக்கிறது. தண்ணீர்தான் எல்லாவற்றிலும் பெரிய கவலை. செப்டம்பர், அக்டோபரில் கிணறுகள் வற்றும்போது, நான்கைந்து அறைகளின் குளியலறைகள் இழுக்கும் தண்ணீர் ஊர்க் கிணற்றிலிருந்துதான் குறையும். மழைநீர்த் தொட்டியைக் கட்டிய பிறகு அறைகளைக் கட்டுங்கள்.

ஊரார் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கானது, அன்று வேலைக்கு ஆள் கேட்கக் கூடாது. ஒரு சாவு விழுந்தால் ஊரே அங்கு போகும். உங்கள் சமையல்காரரும் படகோட்டியும் போவார்கள், நீங்களும் போக வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது. ஆண்களைப் ‘பாப்பா’ (அப்பா) என்றும் பெண்களை ‘மாமா’ (அம்மா) என்றும் அழைப்பார்கள், நீங்களும் அப்படியே அழையுங்கள். முருங்கைக் கீரையும் மீனும் சோறும் அன்றாடச் சாப்பாடு, நம்மவருக்கு நாக்குப் பழக நாளாகாது. சைவம் மட்டும் என்பவருக்கு விருந்துகளில் சங்கடம் வரும். முதல் நாளே பணிவாகச் சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன். முதலில் நிலத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன். ஓர் உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்து, வறட்சியின் உச்சத்தையும் மழைக்காலத்தையும் பார்ப்பேன், இந்தோனேசிய மொழியைக் கற்பேன். அதன் பிறகும் ஆசை நிலைத்திருந்தால், தங்குமிடம் நடத்தும் உரிமத்தை உள்ளூர்க் குடும்பம் தன் பெயரில் வைத்துக்கொள்ள, வீடு கட்டவும் விருந்தினரைக் கொண்டுவரவும் நான் உதவுவதாகப் பேசுவேன். சிறிய கிராமத் தங்குமிடங்கள் உள்ளூர்க் குடிமக்களுக்கென்று வைக்கப்பட்ட தொழில், அது அவர்களிடமே இருப்பது நியாயம். எனக்கு வசிக்க ஒரு வீடு போதும், அதைச் சாலைக்கு உட்புறம் குத்தகைக்கு எடுப்பேன்.

குத்தகைப் பத்திரத்தைக் குபாங்கிலோ பாஆவிலோ உள்ள நோட்டரி முன், இந்தோனேசிய மொழியில், நிலக்காரர் குடும்பம் முழுவதும் உட்கார்ந்திருக்க, சத்தமாகப் படித்துக் காட்டி எழுதுங்கள். நீட்டிப்புக்கான விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதை இப்போதே எழுதிவிடுங்கள், 25 ஆண்டு கழித்து நட்பை நம்ப முடியாது. குத்தகைத் தொகைக்கான 10 சதவீத வரியை யார் கட்டுவது, முடிவில் கட்டடம் யாருக்கு, நிலக்காரர் இறந்தால் என்ன, நீங்கள் இறந்தால் என்ன, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடவே இரண்டு வரிகளைக் கட்டாயம் சேருங்கள். மனையில் உள்ள ஒவ்வொரு பனையும் யாருடையது, அவர் எந்த நேரத்திலும் வந்து ஏறலாம் என்பது ஒன்று. மனையின் ஓரமாகக் கடலுக்குப் போகும் பாதை, பாசி மூட்டையோடு இருவர் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போகும் அகலத்தில், பூட்டில்லாமல் இருக்கும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் நிலக்காரர் கேட்கமாட்டார், நோட்டரியும் நினைவூட்டமாட்டார். நீங்களாகத்தான் எழுதச் சொல்ல வேண்டும்.